கூண்டில் நிற்கும்போது
குறுக்கு விசாரணை பற்றி நம் தலைவர், தலைவிகளோடு ஒரு பேச்சு

(ஹட்டனில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிகளுக்கான கல்வி வகுப்பில், தொழில் நீதிமன்றங்களில் சங்கத்தின் சார்பில் பல வருடங்களாகத் தோன்றிவரும் பிரதிநிதி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை மாற்றாமல் தருகிறோம்.)



காலையிலிருந்து சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் என்று கணக்குக் கேட்டுக் களைத்திருப்பீர்கள். எனக்குத் தந்த தலைப்பில் கணக்கு இல்லை. கம்பனியின் சட்டத்தரணி நம் ஆளைக் கூண்டில் வைத்து எப்படிக் கேள்வி கேட்பார், அவர்களுடைய ஆள் கூண்டில் ஏறும்போது நாம் எப்படிக் கேட்க வேண்டும், இவ்வளவுதான் விஷயம்.

நான் தோற்ற வழக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஜெயித்த வழக்குகளை வேறு மேடைகளில் சொல்லிக்கொள்ளலாம்.

கொழுந்து பறிக்கும் ஒரு தங்கச்சியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பகல் கொழுந்து நிறுக்கும்போது மடுவத்தில் கணக்கப்பிள்ளையைக் கெட்ட வார்த்தையால் ஏசி, நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அவர் தள்ளவில்லை. நிறுவையில் இரண்டு கிலோவைக் கழித்ததைக் கேட்டார், வாய்த்தகராறு வந்தது, கணக்கப்பிள்ளைதான் கூடையைப் பிடித்து இழுத்தார். வரிசையில் நின்ற மூன்று பெண்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். மூன்று பேரும் சாட்சி சொல்லத் தயார். நான் அப்போது புதியவன். இந்த வழக்கு கையில் விழுந்த பழம் என்று நினைத்தேன்.

வழக்குக்கு முதல் நாள் மாலை மூன்று பேரையும் லயத்து வாசலில் உட்காரவைத்து ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். "கணக்கப்பிள்ளைதான் முதலில் கையை நீட்டினார், அவ பேசாமல்தான் நின்றாள்." பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல இருபது தடவை சொல்லவைத்தேன். அடுத்த நாள் மூன்று பேரும் கூண்டில் ஏறி ஒரு சொல் பிசகாமல் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கம்பனிக்காகத் தோன்றியவர் வயதான சட்டத்தரணி. குரலை உயர்த்தவே மாட்டார். அவர் அந்த வாக்கியத்தைத் தொடவில்லை. முதல் சாட்சியிடம், "அன்றைக்கு மழையா அம்மா?" என்று கேட்டார். "மழை ஐயா." இரண்டாவது சாட்சியிடம் அதையே கேட்டார். "மழை இல்லை ஐயா." கூடை எங்கே இருந்தது? ஒருவர் முதுகில் என்றார், ஒருவர் தரையில் என்றார். தராசைப் பிடித்தது யார்? வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றது யார்? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதில். மூன்றாவது சாட்சியிடம் கடைசியாக, "நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றார். அவர் அதே வாக்கியத்தைச் சொன்னார். "மறுபடியும் சொல்லுங்களேன்." மறுபடியும் அதே வாக்கியம், அதே மூச்சில். சட்டத்தரணி நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது, நம்ப முடியாது என்று தீர்ப்பு வந்தது. பிறகுதான் விசாரித்தேன். அன்று தூறல் வந்துபோயிருக்கிறது. ஒருவர் நனைந்துகொண்டு வந்தவர், ஒருவர் முன்பே மடுவத்துக் கூரைக்குள் நின்றவர். மழை என்றதும் உண்மை, மழை இல்லை என்றதும் உண்மை. அவரவர் பாட்டில் சொல்ல விட்டிருந்தால் அந்த வித்தியாசம் யாருக்கும் உறுத்தியிருக்காது. மூன்று பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்ன பிறகு மழையிலும் கூடையிலும் முரண்பட்டதால்தான் எல்லாமே பொய்யாகத் தெரிந்தது. அந்தத் தங்கச்சி பிறகு கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனார். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய சாட்சிகளும் பொய் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்தது நான்.

இனி முறையைச் சொல்கிறேன். ஒரு சாட்சியிடம் மூன்று கட்டமாகக் கேள்வி கேட்பார்கள். அவரை அழைத்த தரப்பு முதலில் கேட்கும், அது முதல் விசாரணை. பிறகு எதிர்த்தரப்பு கேட்கும், அது குறுக்கு விசாரணை. அதில் ஏதாவது குழம்பியிருந்தால் அழைத்த தரப்பு திரும்பவும் எழுந்து விளக்கம் கேட்கும், அது மீள் விசாரணை. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்றுக் கட்டளைச் சட்டத்தில் இந்த வரிசை இருக்கிறது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது அது.

முதல் விசாரணையில் பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. "அன்று எங்கே நின்றீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும். குறுக்கு விசாரணையில், "நீர் அன்று மடுவத்திலேயே இல்லை, பிள்ளைக் காம்பராவில்தானே இருந்தீர்?" என்று கேட்கலாம். நம் ஆட்கள் இதைக் கேட்டுத் திகைத்துப் போகிறார்கள். "நான் சொல்லாததை அவர் எப்படிச் சொல்லலாம்?" என்று என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்பார்கள். சொல்லலாம், சட்டம் அனுமதிக்கிறது. சாட்சி முதலில் சொன்ன விஷயத்துக்குள்ளேயே நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழக்கோடு சம்பந்தம் இருந்தால் எதையும் கேட்கலாம், சாட்சியின் நேர்மையைச் சோதிக்கவும் கேட்கலாம். கேள்வி சாட்சியம் ஆகாது. உங்கள் பதில்தான் சாட்சியம். "இல்லை ஐயா, மடுவத்தில்தான் நின்றேன்" என்று சொன்னால் அவர் கேட்டது அத்தோடு போய்விட்டது. வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினால் அது பதிவில் வேறு மாதிரி ஏறிவிடும்.

தொழில் நீதிமன்றத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி அந்த மன்றம் சான்றுக் கட்டளைச் சட்டத்தால் கட்டப்பட்டதல்ல. நியாயமும் ஒப்புரவுமான கட்டளையைத் தருவதே அதன் கடமை. ஆனால் கேள்வி கேட்கும் முறை மட்டும் மற்ற நீதிமன்றங்களைப் போலத்தான் நடக்கிறது. தளர்வு இருக்கிறது என்று நம்பி ஆயத்தம் இல்லாமல் போய்விடாதீர்கள்.

யார் முதலில் சாட்சி சொல்வது என்று சிலர் கேட்கிறீர்கள். வேலையிலிருந்து நிறுத்தியதைக் கம்பனி ஒப்புக்கொண்டால், நிறுத்தியது நியாயம் என்று காட்ட வேண்டியது கம்பனி. ஆகவே முதலில் கூண்டில் ஏறுவது தொரையோ கணக்கப்பிள்ளையோதான். "நாங்கள் நிறுத்தவில்லை, அவராகத்தான் வராமல் விட்டார்" என்று கம்பனி சொன்னால் முதலில் நாம் ஏற வேண்டும்.

தொரை கூண்டில் ஏறுகிறார், தொழிலாளியின் சங்கம் எழுந்து கேள்வி கேட்கிறது. இது சாதாரணமாக வந்ததல்ல. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டால் தொழிலாளியைச் சிறையில் போடலாம் என்று அப்போது இருந்தது. நம் பாட்டன், பூட்டன் நீதிமன்றத்தைப் பார்த்தது எதிரியாக நிற்கத்தான். 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். அதை விசாரித்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். ஒரு தோட்டத் தொழிலாளியின் விதவைக்காக அதிகாரத்தில் இருந்தவர்களைக் கேள்வி கேட்க ஒருவர் எழுந்து நின்றார் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். தொழில் நீதிமன்றம் 1957ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தோடு வந்தது. அங்கே அங்கத்தவருக்காகச் சங்கமே மனுப் போடலாம், சட்டத்தரணி இல்லாமல் சங்கப் பிரதிநிதியே பேசலாம். நான் சட்டம் படித்தவன் இல்லை. இந்த வழியில்தான் அங்கே நிற்கிறேன்.

இப்போது கம்பனிச் சட்டத்தரணிகள் வழக்கமாகக் கேட்கும் சில கேள்விகளைச் சொல்கிறேன். எல்லாம் என் காதால் கேட்டவை.

முதலாவது, "இந்த வழக்கைப் பற்றிச் சங்கத்தோடு பேசினீரா?" நம் சாட்சிகளில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். பேசியது ஏதோ குற்றம் என்று நினைத்து "இல்லை ஐயா" என்கிறார்கள். "அப்படியானால் இன்றைக்கு எந்தப் பஸ்ஸில் வந்தீர்? யாரோடு வந்தீர்? வழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லையா?" என்று அடுத்த கேள்வி வரும். உண்மையான சாட்சி ஒரு நிமிடத்தில் பொய்யர் ஆகிவிடுவார். சங்கத்தோடு பேசுவது குற்றமே இல்லை. "பேசினேன் ஐயா, பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள்." அவ்வளவு போதும். ஆனால் அந்தப் பதில் உண்மையாக இருக்க வேண்டுமென்றால் நாம் உண்மையிலேயே அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? தலைவர்மார் சிலர் சிரிக்கிறீர்கள். நானும் செய்த தப்புத்தான்.

"அவர் உமக்குச் சொந்தக்காரர்தானே?" தோட்டத்தில் யார் யாருக்குச் சொந்தம் இல்லை? மறைக்க வேண்டாம். "ஆமாம் ஐயா, மச்சான் முறை" என்று சொல்லிவிடுங்கள். மறைத்தது வெளியே வந்தால் சொந்தத்தை விட மறைத்ததுதான் பெரிதாக நிற்கும்.

"அப்படியென்றால் தொரை பொய் சொல்கிறாரா?" இது கோபத்தைக் கிளப்பும் கேள்வி. "ஆமா, பொய்தான்!" என்று கையை நீட்டிக் கத்தினால், ஏசுகிற ஆள் என்று கம்பனி சொன்னதை நாமே நடித்துக் காட்டியதாகிவிடும். தொரையின் மனதில் இருப்பது நமக்கு எப்படித் தெரியும்? "அவர் சொன்னதைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் பார்த்தது இதுதான்."

நேரமும் தூரமும். "எத்தனை மணி? எத்தனை அடி?" மலையில் நிற்கிறவர் கையில் மணிக்கூடு இருக்கிறதா? தெரியாத எண்ணைச் சொல்லாதீர்கள். நீங்கள் பத்தடி என்றால் அவர் இந்த அறையில் பத்தடியைக் காட்டச் சொல்வார், நீங்கள் காட்டுவது இருபதடியாக இருக்கும். "மணி தெரியாது ஐயா, பகல் கொழுந்து நிறுக்கப் போகும்போது." "அடி தெரியாது, மூன்று நெரை தள்ளி நின்றேன்." நெரை என்றால் என்ன என்று அவர் கேட்கட்டும். நம் அளவு நமக்குத் தெரியும், அதில் நம்மைக் குழப்ப முடியாது.

"ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும்." சில கேள்விக்கு அப்படிச் சொல்லலாம். சிலதுக்குச் சொல்ல முடியாது. "கணக்கப்பிள்ளையின் அருகில் போனீரா?" என்றால் போனேன், ஏன் என்றால் கூடையை அவர் பிடித்து இழுத்தார். அப்போது சட்டத்தரணியோடு வாதாட வேண்டாம். மன்றத் தலைவரைப் பார்த்து, "ஐயா, இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். அனுமதிக்காவிட்டாலும் பயமில்லை, மீள் விசாரணையில் அதைக் கேட்பது எங்கள் வேலை.

சும்மா நிற்பதும் ஒரு வித்தைதான். நீங்கள் பதில் சொன்ன பிறகு அவர் ஒன்றும் பேசாமல் கடதாசியைப் புரட்டுவார், உங்களையே பார்ப்பார். அந்த மௌனம் தாங்காமல் நம் ஆள் இன்னும் இரண்டு சொல் சேர்ப்பார். அந்த இரண்டு சொல்லில் ஒன்று தெரியாத விஷயமாக இருக்கும். கேள்விக்குப் பதில் முடிந்தால் வாயும் முடிய வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பழைய வாக்குமூலம். தோட்டத்தில் ஒழுக்காற்று விசாரணை நடக்கும்போது நாம் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பல மாதம் கழித்து, சில வேளை வருடக்கணக்கில் கழித்து, அதே கடதாசி நீதிமன்றத்தில் வரும். "இது உமது கையெழுத்துத்தானே? இங்கே இப்படிச் சொல்லியிருக்கிறீர், இன்றைக்கு வேறு மாதிரிச் சொல்கிறீரே, எது உண்மை?" சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 145ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. எழுத்தில் உள்ளதைக் காட்டி ஒருவரை முரண்படுத்துவதானால், எந்தப் பகுதி என்று அவருடைய கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொழில் நீதிமன்றத்திலும் நாம் அதைக் கேட்கலாம். "ஐயா, அதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்" என்று சாட்சியே கேட்கலாம். வாசித்த பிறகு, அப்படிச் சொல்லியிருந்தால் சொன்னேன் என்று சொல்லுங்கள். எழுதியவர் தப்பாக எழுதியிருந்தால் அதைச் சொல்லுங்கள்.

ஆனால் இதற்கு மருந்து நீதிமன்றத்தில் இல்லை, தோட்டத்தில்தான் இருக்கிறது. தலைவர்மார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒழுக்காற்று விசாரணையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய கடதாசியில், வாசித்துக் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. போடத்தான் வேண்டும் என்று நெருக்கினால், கையெழுத்துக்கு மேலே "எனக்கு வாசித்து விளங்கப்படுத்தவில்லை" என்று தமிழில் எழுதிவிட்டுப் போடுங்கள். அந்த ஒரு வரி பிறகு எங்களுக்கு எவ்வளவு உதவும் என்று சொல்லி முடியாது.

மொழி விஷயமும் இதோடு சேர்ந்தது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்புத் தர வேண்டியது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குங்கள். நம் இளைஞர்களுக்குச் சிங்களம் ஓரளவு தெரியும். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கும் முன் அவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். வேண்டாம். கேள்வி தமிழில் வரும்வரை நில்லுங்கள், யோசிக்க நேரமும் கிடைக்கும். இன்னொன்று, நம் பேச்சில் பெரியம்மா மகனும் அண்ணன்தான், பக்கத்துக் காம்பராக்காரரும் அண்ணன்தான். "அண்ணன் பார்த்தார்" என்று ஒரு பெண் சொன்னது, கூடப்பிறந்தவர் என்று பதிவாகிவிட்டது. உமக்குக் கூடப்பிறந்த அண்ணன் உண்டா என்று கேட்டபோது இல்லை என்றார். அரை மணி நேரம் அந்தச் சிக்கலை அவிழ்த்தோம். ஆளைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

பெண் சாட்சிகளிடம் சில சட்டத்தரணிமார் தேவையில்லாததைக் கேட்பார்கள். புருஷன் கூட இருக்கிறாரா, யாரோடு எங்கே போனீர் என்பது போல. நிறுத்தப்பட்டது கொழுந்து நிறுவைத் தகராறில், இதற்கும் அதற்கும் என்ன? ஆபாசமான, அவமதிக்கிற கேள்வியை மன்று தடுக்கலாம், சட்டத்தில் 151ஆம், 152ஆம் பிரிவுகள் அதற்காகவே இருக்கின்றன. சாட்சி அழ வேண்டியதில்லை, சண்டை பிடிக்க வேண்டியதுமில்லை. அந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டியது சங்கப் பிரதிநிதி. எழும்பாத பிரதிநிதியைப் பற்றித் தலைமையகத்துக்கு எழுதுங்கள், என்னைப் பற்றி என்றாலும் சரி.

இனி நம் பக்கம். நாம் கேள்வி கேட்கும்போதும் ஆயத்தம் கடதாசியில்தான் இருக்கிறது. செக்ரோல், நிறுவைப் புத்தகம், தொரை அனுப்பிய கடிதங்கள். வழக்குப் போடும்போதே அந்தத் திகதிகளையெல்லாம் தோட்டத் தலைவர் குறித்துத் தந்தால்தான், எந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியும். அன்று யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர், எந்த மலையில் வேலை என்று கம்பனியின் எழுத்திலேயே இருக்கும். அவர்களுடைய எழுத்தை அவர்களால் மறுக்க முடியாது.

தொரை சொன்னதில் நாம் மறுப்பது எதுவோ அதை அவரிடமே கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அதை நாம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடம் வரும். கடைசியில் சட்டத்தரணிமார் வரிசையாக "நீர் சொல்வது பொய் என்று சொல்கிறேன்", "அப்படி நடக்கவே இல்லை என்று சொல்கிறேன்" என்று அடுக்குவதும் இதற்காகத்தான். நம் சாட்சி அதைக் கேட்டு மனம் உடைய வேண்டியதில்லை. "இல்லை ஐயா, உண்மைதான்" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னால் போதும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் எனக்கு இன்றும் கஷ்டம். ஒரு வழக்கில் வெளிக்கள உத்தியோகத்தரைக் கேட்டேன். காலையில் வேறு மலையில்தான் இருந்தேன், தகராறு நடந்த மலைக்குப் பிறகுதான் வந்தேன் என்று ஒப்புக்கொண்டார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. "அப்படியானால் என்ன நடந்தது என்று உமக்கு எப்படித் தெரியும்?" என்று வெற்றிக் குரலில் கேட்டேன். "கங்காணி ஓடி வந்து சொன்னார் ஐயா. அவர் வெளியில்தான் இருக்கிறார், கூப்பிடட்டுமா?" என்றார். கூப்பிட்டார்கள். அந்தக் கங்காணி நல்ல சாட்சி.

பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று அன்றைக்கு வெளியே தேத்தண்ணிக் கடையில் எனக்குச் சொன்னது யார் தெரியுமா? அந்த மழையைக் கேட்ட வயதான சட்டத்தரணிதான். தேத்தண்ணிக்கும் அவரே காசு கொடுத்தார்.

சாட்சியை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று கேட்பீர்கள். நான் இப்போது செய்வது இதுதான். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்கிறேன். நான் குறுக்கே ஒரு சொல்லும் போடுவதில்லை. பிறகு, "இதில் நீங்கள் பார்த்தது எது? யாரோ சொல்லிக் கேட்டது எது?" என்று கேட்டுப் பிரிக்கிறேன். பாதி விஷயம் கேட்டதாக இருக்கும். அதற்குப் பிறகு கம்பனிச் சட்டத்தரணி மாதிரி நானே கடுமையாகக் கேள்வி கேட்கிறேன். பதிலைத் திருத்துவதில்லை. தெரியாததுக்குத் தெரியாது என்றும், மறந்ததுக்கு மறந்துவிட்டது என்றும் சொல்லப் பழக்குகிறேன். நம் அம்மாமார்களுக்கு இதுதான் கஷ்டம். பெரிய மனிதர் கேட்கும்போது தெரியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்து, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது சாப்பாடு. சாப்பிட்டு வந்ததும் இந்த மேசையை அங்கே தள்ளி வைத்து அதைக் கூண்டாக்குவோம். வட்டகொடையிலிருந்து வந்த தலைவி முதலில் ஏறுகிறார், அவருக்கு மொழிபெயர்ப்பாளராகக் கொட்டகலைத் தம்பி நிற்கிறார். சட்டத்தரணி நான். இன்று காலையில் இந்த மண்டபத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று மட்டும்தான் கேட்பேன். கோபப்படுத்துவேன், யாரும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.